சாட்டிலைட்டுக்கு மூளைக்காய்ச்சல் தெரியுமா? ஒரு பொது அறிவுக் கேள்வியால் வந்த வினை

நீடாமங்கலம் டியூஷன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பொது அறிவு நடத்துவோம். விண்வெளி, நோய்கள், புதுக் கண்டுபிடிப்புகள் என்று கலந்து கேட்டால் பிள்ளைகள் தூங்குவதில்லை. கடலை மிட்டாயும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

போன வாரம் போட்டித் தேர்வுக்கான ஒரு பழைய வினா வங்கியிலிருந்து இதைக் கேட்டேன்: "செயற்கைக்கோள் மூலம் கண்டறியப்படும் நோய் எது? அ) மலேரியா ஆ) டெங்கு இ) ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஈ) இவை அனைத்தும்." விடை ஈ என்று பின்பக்கத்தில் போட்டிருக்கிறது. உடனே ஒரு பையன் எழுந்து, "மிஸ், சாட்டிலைட் வந்து ரத்தம் எடுக்குமா?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஆனால் மனசு விடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது. மேகத்துக்கு மேலே சுற்றுகிற கேமராவுக்குக் கீழே என்ன தெரியும்? எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் வயல், சம்பா நடவு இப்போதுதான் முடிந்திருக்கிறது. மூளைக்காய்ச்சல் கொசு வயல் தண்ணீரில்தான் வளரும் என்கிறார்கள். அப்படியென்றால் வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, இந்த ஊரில் காய்ச்சல் வரும் என்று மேலேயிருந்து சொல்லிவிட முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் உதவியாக இருக்கும்.

குறுவைக்காரன் எழுதியது:

டீச்சர், மேகம் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் சொல்கிறேன். நோய் பற்றி எனக்குப் பேச்சு இல்லை, அதற்கு இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், வருவார்.

நீங்கள் நினைப்பது சாதாரணக் கேமரா. சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத்தான் அது படம் பிடிக்கும், மேகம் வந்தால் வேலைக்கு ஆகாது. ரேடார் செயற்கைக்கோள் அப்படி இல்லை. தானே நுண்ணலையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதைப் பிடித்துப் படமாக்கும். அந்த அலைக்கு மேகமும் தடையில்லை, ராத்திரியும் தடையில்லை. அசையாமல் நிற்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரி: சாய்வாக வந்த அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பாது. அதனால் சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் படத்தில் கறுப்பாக விழும். நட்ட பயிர் தூர் கட்டி உயர உயர, தண்டும் இலையும் அலையைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும், வயல் வெளுக்கத் தொடங்கும். கறுத்து வெளுத்த தேதிகளைக் கோத்தால் எந்த வாரம் நடவு நடந்தது என்று வரப்பில் கால் வைக்காமலே சொல்லலாம்.

இந்தியாவின் ரேடார் செயற்கைக்கோள்களில் ரிசாட்-1 2012-இல் மேலே போனது, இஓஎஸ்-04 2022 பிப்ரவரி 14-இல் போனது. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுக்கும் படங்கள் 2014-இலிருந்து யாருக்கும் இலவசம். கடைசியாக, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார்: 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்16 ராக்கெட் ஏற்றிச் சென்றது. அதில் இரண்டு அலைவரிசைகளில் இரண்டு ரேடார்: எல் பேண்ட் ரேடார் நாசாவுடையது, எஸ் பேண்ட் ரேடார் இஸ்ரோவுடையது, விரித்தால் 12 மீட்டர் அகலத்துக்கு ஆன்டெனா. 240 கிலோமீட்டர் அகலப் பட்டையாகப் பார்த்துக்கொண்டே போய், 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். இதை உங்கள் பிள்ளைகள் கேள்வியாகவே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களை வைத்து நெல் பரப்பை வரைபடமாக்குகிறது, பயிர்க் காப்பீட்டுக்கும் அது பயன்படுகிறது. காப்பீட்டுப் பணம் எங்கள் கைக்கு வருகிற வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது, விடுங்கள்.

பழைய ஃபைலேரியா எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறேன், சுகாதார ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த வினா வங்கிக்கு நான் பூஜ்யம் போடுவேன். "இவற்றில் எதுவுமில்லை" என்று ஐந்தாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும்.

எந்தச் செயற்கைக்கோளும் இன்றுவரை ஒரு மனிதரின் காய்ச்சலைக் கண்டுபிடித்ததில்லை. அது பார்ப்பது தண்ணீர், இலைப் பச்சை, தரையின் சூடு, கடலின் சூடு, மழை. நோய் உறுதியாவது ஆய்வகத்தில். மலேரியாவுக்கு ரத்தத் தடவல் வேண்டும். டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை. மூளைக்காய்ச்சலுக்கு முதுகுத் தண்டுவட நீரையோ ரத்தத்தையோ எடுத்து எதிர்ப்பொருள் பார்க்க வேண்டும். ஊசி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ஊசி என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். வேலைக்குச் சேர்ந்ததும் என்னைப் போட்டது ஃபைலேரியா (யானைக்கால் நோய்) பிரிவில்தான். கும்பகோணத்துக்கும் யானைக்காலுக்கும் இருந்த உறவைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும், கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும். ஆகவே எங்கள் ஆபீஸ் நேரம் ராத்திரி எட்டரைக்கு மேல். படுக்கப் போகிறவரைக் கூப்பிட்டு, விரலில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவ வேண்டும். "பகலில் வந்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?" என்று திட்டாத தெரு இல்லை. பகலில் வந்தால் புழு இருக்காதம்மா என்று வாசலுக்கு வாசல் பாடம் நடத்துவோம். நாய்கள் பாடம் கேட்கிற ஜாதி இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொசு என்று பொதுவாகச் சொன்னால் செயற்கைக்கோள் கதை புரியாது. யானைக்கால் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளரும். டெங்கு கொசு வீட்டுக்குள் நல்ல தண்ணீரில் வளரும்: சிமெண்ட் தொட்டி, மூடாத குடம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, கொல்லையில் போட்ட டயர், யாரும் அரைக்காத ஆட்டுக்கல். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி என்பதே தரையில் 10 மீட்டர். உங்கள் ஆட்டுக்கல் அதில் எங்கே தெரியப் போகிறது? ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் (பேரைச் சொல்லி முடிப்பதற்குள் கடித்துவிட்டுப் போய்விடும்) மட்டும்தான் இந்த மூன்றில் வயல் கொசு. ஏக்கர் கணக்கில் தண்ணீர் வேண்டும் அதற்கு. குறுவைக்காரர் சொன்ன ரேடாருக்கு அகப்படுவது இந்த ஒன்றின் இருப்பிடம்தான்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. தண்ணீரைப் பார்த்துக் காய்ச்சலை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓர் இடத்தில் முடிந்திருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று ஒன்று. 1931-இல் கென்யாவில் ஆடுகளிடம் முதலில் கண்டுபிடித்தார்கள், மனிதருக்கும் வரும். அங்கே சில ஈடிஸ் கொசுக்கள் பள்ளமான தரை ஈரத்தில் முட்டையிட்டுவிட்டுப் போகும். முட்டைக்குள்ளேயே வைரஸ் இருக்கும். தரை காய்ந்து ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற ஆண்டு) பேய்மழை பெய்து பள்ளம் நிறைந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் பொரித்துக் கிளம்பும்.

2006-இல் பசிபிக் கடலும் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாக இருப்பதையும், வறண்ட பிரதேசத்தில் திடீரென்று பச்சை ஏறுவதையும் செயற்கைக்கோள் பதிவுகளில் பார்த்து, நாசாவின் அசாஃப் அன்யம்பா குழுவினர் எச்சரிக்கை விட்டார்கள். டிசம்பரில் கென்யாவின் கரிசா பக்கம் காய்ச்சல் வந்தது. எச்சரிக்கை இரண்டிலிருந்து ஆறு வாரம் முந்திக்கொண்டது. பொது அறிவுப் புத்தகங்கள் இதைப் போடாமல், எந்த நாடு எத்தனை ராக்கெட் விட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் அதே வித்தையை நீடாமங்கலத்தில் காட்ட முடியாது. கென்யாவின் அந்த வறண்ட சீமையில் தண்ணீர் விசேஷம், நமக்குத் தண்ணீர் வழக்கம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் வயலில் குறுவைப் பயிர் இருக்கும், தள்ளிப் போனால் சம்பா இருக்கும், அப்புறம் தாளடி. வயலில் தண்ணீர் இருக்கிறது என்பதே அபாய அறிவிப்பு என்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கையும் ஆண்டுதோறும் சிவப்பு மை ஊற்றி நிரப்ப வேண்டியதுதான். எல்லா ஊரும் சிவப்பாக இருக்கிற வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு ஜீப்பை விடுவது?

தண்ணீர் இத்தனை இருந்தும் ஊர் ஊராகக் காய்ச்சல் ஏன் வருவதில்லை என்பதைப் பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பெருகுவது பன்றியிடமும் கொக்கு, நாரை, மடையான் வகைப் பறவைகளிடமும். மனிதன் அதற்கு முட்டுச் சந்து: நம் ரத்தத்தில் அடுத்த கொசு எடுத்துப் போகும் அளவுக்கு அது சேர்வதில்லை. மாடும் அப்படியே. இந்தக் கொசுவுக்கு மனிதனைவிட மாடுதான் பிடிக்கும், மாட்டைக் கடித்தால் வைரஸின் பயணம் அங்கேயே நிற்கும். கடிபட்டுத் தொற்றியவர்களிலும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. முற்றினால் மோசம். அவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கலாம், பிழைத்தவர்களில் பலருக்கு நரம்புக் கோளாறு நிரந்தரமாகத் தங்கும். அதனால்தான் இத்தனை அக்கறை.

ஆக, பன்றி வளர்ப்பு எங்கே, பறவைகள் எங்கே தங்குகின்றன, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விடுபட்டது, இதெல்லாம் தெரிந்தால்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் சொல்ல முடியும். (வடுவூர் ஏரிப் பறவைகளை யாரும் முறைத்துப் பார்க்க வேண்டாம், அவை காலங்காலமாக வருகின்றன.) இதில் ரேடார் நமக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு, அது குறுவைக்காரர் சொன்ன நடவு தேதி. நட்ட முதல் சில வாரம் பயிர் குட்டை, தண்ணீர் திறந்து கிடக்கும், கொசுப் புழு அப்போதுதான் அதிகம். மேலுரமாக யூரியா விழுந்தால் இன்னும் ஏறும். பயிர் அடர்ந்து நிழல் விழுந்ததும் குறையும். எந்த வட்டாரத்தில் எந்த வாரம் நடவு என்று தெரிந்தால், கொசு பிடித்துப் பார்க்கிற ஆளை அந்த வாரத்தில் அங்கே அனுப்பலாம். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இதையே டீக்கடையில் உட்கார்ந்துதான் விசாரித்தோம்.

குறுவைக்காரன் எழுதியது:

பெரியவரே, காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது) தண்ணீர் கட்டினால் இந்தக் கொசு குறையும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். வயலில் துளை போட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கின பிறகு அடுத்த பாய்ச்சல். வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறையுமாம். குறுவையில் மோட்டார் உள்ளவன் செய்யலாம், நானும் செய்கிறேன். சம்பாவில் அடைமழையில் என்ன செய்வது? கடைமடையில் வடிகாலே வாங்காமல் நிற்கிறது.

பழைய ஃபைலேரியா எழுதியது:

தம்பி சொல்வது நியாயம். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வயல் ஒருமுறை காய்ந்தால் புழு சாகும், கணக்கு அவ்வளவுதான். மதுரையில் இருந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பூச்சியியல் மையத்தில் 1990-களில் வேப்பம் புண்ணாக்கையும் தண்ணீர் மேலாண்மையையும் சேர்த்துச் சோதித்தார்கள், புழு நன்றாகக் குறைந்தது. ஆனால் நம்மிடம் வயலுக்கு வயல் பாய்கிற பாசனம். நீங்கள் காய விட்டு, மேல்வயல்காரர் கட்டி வைத்தால் அவர் கொசு வரப்பில் நின்று உங்களிடம் அனுமதி கேட்காது. ஒரு வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது என்பதால்தான் தடுப்பூசியை நம்புகிறோம்.

சிதம்பரம் மைக்ரோ எழுதியது:

கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறவளை டெல்டாவில் சேர்ப்பீர்களோ மாட்டீர்களோ, நானும் வருகிறேன். நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. டீச்சர், விண்வெளியும் கிருமியும் சந்திக்கிற இடம் இன்னொன்று இருக்கிறது. கிருமிகள் மேலேயே போய்க் குடியிருக்கின்றன.

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் மனிதர்கள் போனால் அவர்கள் தோலோடும் குடலோடும் பாக்டீரியாவும் போகும். அங்கே காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு புது வகைக்கு 2017-இல் சாலிபாசில்லஸ் கலாமி என்று பெயர் வைத்தார்கள், நம் அப்துல் கலாம் நினைவாக. 2021-இல் மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல்லுயிர் ஆய்வாளர் அஜ்மல் கான் பெயர். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரன், அவரும் அண்ணாமலையில் படித்தவர். எங்கள் வகுப்பில் இதைச் சொல்லும்போது எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம்.

2024-இல் அதே குழுவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து என்டெரோபாக்டர் புகான்டென்சிஸ் என்ற பாக்டீரியாவின் 13 வகைகளை நிலையத்திலிருந்து எடுத்து ஆராய்ந்தார்கள். பல மருந்துக்கும் அடங்காதவை, பூமியில் இருக்கிற சொந்தக்காரர்களிடமிருந்து மரபணுவில் விலகிப் போயிருக்கின்றன. அதற்கு முன்பே, 2006-இல் அட்லாண்டிஸ் விண்கலத்தில் அனுப்பிய சால்மோனெல்லா திரும்பி வந்தபோது எலிகளிடம் கூடுதல் வீரியம் காட்டியது. நோயோடு மேலே போய்விடக் கூடாது என்றுதான் வீரர்களைப் புறப்படும் முன் தனிமையில் வைக்கிறார்கள். 1970-இல் அப்போலோ 13-க்குப் போக வேண்டிய கென் மாட்டிங்லி, ருபெல்லா வந்தவரோடு பழகிவிட்டார் என்று கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டார். அவருக்கு அது வரவே இல்லை. அவருக்குப் பதில் போனவர்தான் ஆக்சிஜன் தொட்டி வெடித்த கலத்தில் மாட்டிக்கொண்டார்.

நீடாமங்கலம் டியூஷன் எழுதியது:

ஒரு கேள்வி போட்டதற்கு ஒரு மாதப் பாடம் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. ஞாயிறுக்கு இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "ரேடார் செயற்கைக்கோள் படத்திலிருந்து நேரடியாக அறியக்கூடியது எது? அ) வயலில் உள்ள கொசுப் புழு ஆ) வயலில் தேங்கிய நீர் இ) நோயாளியின் காய்ச்சல் ஈ) வீட்டுக் குடத்து நீர்."

இன்னொரு சந்தேகம். நிசார் 12 நாளுக்கு ஒருமுறை வருகிறது, கொசு பத்தே நாளில் பறந்துவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது திரும்பி வந்து பார்ப்பதற்குள் ஒரு தலைமுறை கொசு போய்விடுமே, ஐயா?

பழைய ஃபைலேரியா எழுதியது:

கேள்வி நன்றாக இருக்கிறது, விடை ஆ, அதில் யாருக்கும் சண்டை வராது.

சந்தேகமும் நல்ல சந்தேகம். 12 நாள் என்பது அதே பாதைக்கு அதே திசையில் திரும்புவதற்கு. வடக்கே போகும்போது ஒருமுறை, தெற்கே இறங்கும்போது ஒருமுறை என்று பார்ப்பதால் ஓர் இடத்துக்குச் சராசரியாக 6 நாளுக்கு ஒரு படம் கிடைக்கும். அப்படியும் கொசுவைத் துரத்திப் பிடிக்க அது போதாது, நமக்கு அது தேவையும் இல்லை. நடவு வாரம் ஒருமுறை தெரிந்தால் அடுத்த ஐந்தாறு வாரம் எங்கே பார்க்க வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போடலாம்.

டியூஷன் பிள்ளைகளிடம் இன்னொன்று கேளுங்கள், வீட்டில் தம்பி தங்கை கைக்குழந்தையாக இருக்கிறதா என்று. மூளைக்காய்ச்சல் ஊசி திட்டத்தில் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16-இலிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசியோடு நின்றுவிடுகிற வீடுகள் உண்டு. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரிடம் காட்டச் சொல்லுங்கள், விடுபட்டிருந்தால் அவரே தேதி குறித்துக் கொடுப்பார்.